கறுப்புக்கு அடியில் வாத்துக்கூட்டம்

போன வாரம் ரூட் ஒன்னில் நான் கார் ஓட்டப் பழகிய கூத்தைச் சொன்னேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் அந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வருகிறேன். சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சி, பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுச் சமையலறை. குளிர்காலம் முடிந்தும் முடியாத ஒரு முற்பகல். பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் சாய்ந்து மேஜை மேல் விழுகிறது. வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. மேஜை மேல் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதில் ஒரு மரப்பெட்டியின் மூடியை வைத்திருக்கிறேன். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு. முழுக்கக் கறுப்பு. சிலேட்டுப் பலகையைப் போல, பளபளப்பே இல்லாத கறுப்பு.

ஒரு கரித்துண்டைத் தண்ணீரில் தோய்த்து அந்த மூடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர் நாற்காலியில் என் வீட்டுக்காரர். கையில் காப்பி டம்ளர். பார்வை கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

அந்தக் கறுப்புக்கு அடியில் தங்கத்தில் ஒரு வாத்துக்கூட்டம் பறந்துகொண்டிருக்கிறது. நானே வரைந்து, நானே தங்கப்பொடி தூவி, நானே மேலே கறுப்பைப் பூசி மூடியது. தேய்த்தால் வெளியே வரும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கரிச்சேற்றோடு சேர்ந்து போய்விடும். போனது போனதுதான்.

இந்த மூடி முடிந்ததும் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகள் பவித்ரா வீட்டுக்குப் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். "கொஞ்ச நாள் வந்து இருக்கறேன் கண்ணு" என்றுதான் அவளிடம் சொன்னேன். அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நாள் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

காரணம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஈரத்தில் காய்கிற பூச்சு

முதலில் இந்த மூடி எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் டேகேரில் நோரிக்கோ என்று ஒரு ஜப்பான்காரி. என் வயதுதான். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தாலும் ஒரு முழு இங்கிலீஷ் தேறாது. ஆனாலும் மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் பேசாத பேச்சில்லை. வெஸ்ட் வின்ட்சரில் அவள் வீடு. கராஜில் கார் நிற்காது. அரக்குப் பெட்டிகளும் கிண்ணங்களும் சீப்புகளும்தான் நிற்கும். சனிக்கிழமைகளில் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுப்பாள். "வா, பொழுது போகும்" என்றாள். போனேன். பொழுது மட்டுமா போனது!

அரக்கு என்று நான் சொல்வது நம் முத்திரை அரக்கு இல்லை. ஜப்பானில் ஒரு மரம், அதைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால்தான் பூச்சு. நம் மாமரம், முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்களாம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் மாதமே என் மணிக்கட்டு பொரிந்து போனது. பக்கத்து வீட்டு மும்தாஜ் பார்த்துவிட்டு, "பாய்ஸன் ஐவில கைய வச்சியளா அக்கா?" என்றாள். பட்டால் தோல் பொரியும் இங்கத்துக் கொடி அது. ராமநாதபுரத்துக்காரி. எதையும் நேராகக் கேட்பாள். "இல்ல, காசு குடுக்காம கத்துக்கறேன், அதுக்கு இது ஃபீஸ்" என்றேன்.

இந்தப் பூச்சிடம் ஒரு வினோதம் உண்டு. ஈரமான காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பும் இருந்தால்தான் இறுகும். வறண்ட காற்றில் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். என் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து நோரிக்கோ சொல்வாள்: "இது காயறதில்ல சரசு-சான். தண்ணி குடிக்குது. குடிச்சு வயிறு நெறைஞ்சா கெட்டியாயிடும்."

நியூ ஜெர்சி குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் ஈரத்துக்கு எங்கே போவது? உதடே வெடித்துப் போகிற ஊர் இது. யோசித்தேன். குளிர்காலத்தில் இங்கே இருக்கும் நம்மவர்கள் இட்லி மாவை எங்கே புளிக்க வைப்போம்? ஓவனுக்குள். சுடாமல், விளக்கை மட்டும் போட்டு. அந்த விளக்குச் சூடு மாவுக்குப் போதும். அரக்குக்கும் போதாதா? மாவுப் பாத்திரத்தை வாட்டர் ஹீட்டர் பக்கம் குடிவைத்துவிட்டு, ஓவனுக்குள் ஈரத்துண்டை விரித்து மூடியை உள்ளே வைத்தேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது.

நோரிக்கோவிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டு ஓவனிலும் விளக்கு எரிந்தது.

கோட்டிங் மாஸ்டர்

என் வீட்டுக்காரர் வேலுசாமி. நாங்கள் இருவரும் ஈரோட்டுப் பக்கம். இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளுக்கு மேல்பூச்சுப் போடுகிற பகுதியில் பல வருஷம் இருந்தவர். பூச்சு சமமாக ஏறியிருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழுந்திருக்கிறதா, ஓரத்தில் சில்லு போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பே. கண்ணால் சம்பாதித்த மனுஷர்.

ஈரத்தில் காயும் பூச்சு என்று நான் சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை.

"ஏம் புள்ள, ஈரம் பட்டா எங்க பேட்ச் மொத்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உன்ற ஜப்பான்காரி என்னமோ கதை உடறா."

"நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டார். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி, அவர் பார்க்கிற அழகே தனி. "இந்த மூலையில தூசி ஒண்ணு மாட்டியிருக்குது. மத்தபடி பரவால்ல" என்றார். அவர் வாயில் 'பரவால்ல' என்றால் மற்றவர்கள் வாயில் 'பிரமாதம்'.

ஆரம்பத்தில் சனிக்கிழமை தோறும் என்னைக் காரில் கொண்டு போய் விட்டதும் அவர்தான். நான் முடிக்கும் வரை கராஜ் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோரிக்கோவின் வேலைகளில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். அவளும் சளைக்காமல், "ஓகே, மிஸ்டர் இன்ஸ்பெக்டர்" என்பாள்.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் அது நின்றது. முதுகுவலி, இனிமேல் நீ ஓட்டு என்று சாவியை என் கையில் கொடுத்தார். வேலையையும் விட்டார். "போதும் புள்ள, எவ்வளவு நாளைக்கு மாத்திரைய உத்துப் பாத்துக்கிட்டு இருக்கறது" என்றார். நானும் நம்பினேன்.

தூவிய படம்

நோரிக்கோவின் அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

ஒரு சீப்பு இருக்கும். சிப்பியின் உட்பக்கத்தைக் காகிதம் போலச் சீவி, பூவிதழாக வெட்டிப் பதித்தது. திருப்பத் திருப்பப் பச்சையும் ஊதாவுமாக நிறம் மாறும். இன்னொரு தட்டில், இறுகிய பூச்சைக் கத்தி முனையால் கீறி, கீறலுக்குள் மட்டும் தங்கத்தைத் தேய்த்திருப்பார்கள். முடி கனத்தில் கோடுகள். இன்னொரு பெட்டியில் கரித்தூளால் மேடு கட்டி, மேட்டின் மேல் தங்கம். விரலை வைத்தால் மலை தட்டுப்படும்.

நான் மனதைக் கொடுத்தது 'மாகியே' என்பதற்கு. தூவிய படம் என்று அர்த்தமாம். அரக்கைத் தொட்டு மெல்லிய தூரிகையால் வரைய வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே, முனையில் வலை கட்டிய சின்னக் குழாயில் தங்கப்பொடியைப் போட்டு விரலால் தட்டித் தட்டித் தூவ வேண்டும். ஈரம் உள்ள இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடலாம்.

அதிலும் ஒரு வகை உண்டு. தூவிய படம் இறுகிய பிறகு, முழு மூடிக்கும் மேலே கறுப்பு அரக்கைப் பூசி எல்லாவற்றையும் மூடிவிடுவது. படம் இருந்த சுவடே தெரியாது. அப்புறம் கரியால் தேய்த்துத் தேய்த்து அதை மேலே கொண்டுவருவது.

"ஏன் மூடணும்? இப்பவே அழகாத்தான இருக்கு?" என்று கேட்டேன்.

"மேல நிக்கிற தங்கம் கை பட்டுப் பட்டுப் போயிடும். மூடித் தேய்ச்சா தங்கமும் கறுப்பும் ஒரே மட்டம். தடவிப் பாத்தா படம் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

என்ன படம் வரைவது? பழைய பெட்டிகளின் படங்களைக் காட்டினாள். நாணல் மேல் பறக்கும் காட்டு வாத்துகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் இதே வாத்துகள்தான் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, நடைபாதை முழுக்க அசிங்கம் பண்ணிவைக்கும். என் வீட்டுக்காரர் வாக்கிங் போகும்போதெல்லாம் அவற்றோடு சண்டை. "விசா இல்ல, கிரீன் கார்டு இல்ல, கனடாவுலிருந்து நேரா வந்து எறங்கிக்குது. நாம எத்தனை வருஷம் வரிசையில நின்னோம்!" என்பார். அவருக்காகவே வாத்துகளை வரைந்தேன்.

தூவும்போது ஒரு தப்பு செய்தேன். பழகும் வரை பித்தளைப் பொடிதான். கடைசியில் நோரிக்கோ நிஜத் தங்கப்பொடியைக் கொஞ்சம் கொடுத்தாள். அதைக் கண்டதும் என் கைக்கு என்ன ஆனதோ, குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொடியைக் கிள்ளி, இடது பக்க வாத்தின் சிறகு மேல் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டேன். கோலம் போட்ட கை. பொடியைப் பார்த்தால் அது தானாகக் கிள்ளும்.

"நோ, நோ, சரசு-சான்!" என்று நோரிக்கோ ஓடி வருவதற்குள் அந்தச் சிறகில் மட்டும் தங்கம் மேடாகக் குவிந்துவிட்டது. துடைக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. தேய்க்கும்போது இந்தச் சிறகுதான் முதல்ல வெளிய வரும். உயரமா இருக்கு இல்லையா? வந்ததும் அந்த இடத்துல நிறுத்திடு. விட்டா இது போயிடும்" என்றாள்.

முகங்கொடுத்துப் பேசுவது

இனி எதிர் நாற்காலிக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஒருவரைப் பற்றிக் குறை சொல்லும்போது, 'முகங்கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்' என்போம். இத்தனை வருஷம் நானும் அந்த வார்த்தையை வாயளவில்தான் சொல்லியிருக்கிறேன். வேலையை விட்ட பிறகு என் வீட்டுக்காரர் அதை நிஜமாகவே செய்ய ஆரம்பித்தார்.

நான் பேசினால் பதில் வரும். ஆனால் முகம் என் பக்கம் இருக்காது. பிரிட்ஜைப் பார்த்துப் பேசுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவார். சாப்பிடும்போது என் தோளுக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டு, "ரசம் நல்லாயிருக்குது" என்பார்.

ஒருநாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பார்வைக்கு நேராக உட்கார்ந்தேன். "இப்பச் சொல்லுங்க" என்றேன். மனுஷர் மெதுவாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மும்தாஜிடம் சொல்லி அழுதேன். அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "எங்க வீட்ல உள்ளவரு போனைப் பாத்துக்கிட்டேதான் அக்கா மக நிக்காஹ் பத்திக்கூடப் பேசுவாரு. மூஞ்சியெல்லாம் கேட்டா எப்புடி?" பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "அண்ணன் மனசுல என்னமோ இருக்கு. கேட்டுப் பாருங்க" என்றாள்.

எதைக் கேட்பது? அதற்குள் பெரிய கேள்வி ஒன்று வந்து நின்றது. அவருக்கு அறுபது முடிகிறது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அறுபதாம் கல்யாணம் வைக்க வேண்டும் என்று பவித்ரா ஒற்றைக் காலில் நின்றாள். நாள்கூடப் பார்த்துவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார்.

"அப்பா, ஜஸ்ட் ஒன் டே. எல்லாம் நான் அரேஞ்ச் பண்றேன்."

"வேண்டாங்கண்ணு. இந்த வயசுல தாலி கட்டறதெல்லாம் என்னால ஆகாது."

"பட் அம்மாவுக்கு ஆசை."

அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

இரண்டாம் தடவை என் கழுத்தில் தாலி கட்ட இவருக்கு இஷ்டமில்லை. முகத்தைப் பார்க்கவும் இஷ்டமில்லை. இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? மகள் போனை வைத்த பிறகு நான் ஓவனைத் திறந்து, கடைசிக் கறுப்புப் பூச்சு இறுகிவிட்டதா என்று பார்த்தேன். இறுகியிருந்தது. தேய்த்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அப்போதுதான் நினைத்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போக மனசில்லை. அதைத் தவிர வேறு சாக்கும் இல்லை.

நிறுத்து

ஆக, அந்த முற்பகல்.

கரியைத் தோய்த்து வட்டமாகத் தேய்க்கிறேன். சாம்பல் நிறத் தண்ணீர் ஓரங்களில் வழிகிறது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். கறுப்பு. மறுபடி தேய்க்கிறேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்ய, மனசு ஃப்ரீமான்ட்டுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வந்துவிட்டது. அவரும் பார்த்திருப்பார், ஒன்றும் கேட்கவில்லை.

"நிறுத்து புள்ள."

காதில் விழுந்தது. கை நிற்கவில்லை.

"நிறுத்துன்னு சொல்றேன்ல! வந்துருச்சு!"

அதட்டலில் கரித்துண்டு கை நழுவி மேஜைக்குக் கீழே விழுந்தது. துண்டை எடுத்து மூடியைத் துடைத்தேன். இடது பக்கத்தில், கறுப்புக்கு நடுவே, வெயிலில் ஒரு சிறகு. நான் கோலக் கையால் கிள்ளிப் போட்ட அதே சிறகு. இன்னும் இரண்டு சுற்றுத் தேய்த்திருந்தால் போயிருக்கும். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டுதான் தேய்த்தேன். அழுக்குத் தண்ணீருக்கு அடியில் எனக்குத் தெரியவில்லை.

தலை நிமிர்ந்தேன். அவர் முகம் கண்ணாடிக் கதவுப் பக்கம்தான் இருந்தது.

"நீங்க கதவைப் பாத்துட்டு இருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"சொல்லுங்க. வெளியதான பாத்துட்டு இருந்தீங்க?"

"உன்னையத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார், கதவைப் பார்த்தபடியே.

"பொய் சொல்லாதீங்க. ஒரு வருஷமா என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?"

டம்ளரை மேஜை மேல் வைக்கப் போனார். விளிம்புக்குப் பக்கத்தில் கையால் தடவி, மேஜை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். அப்போதுதான் அந்தக் கையைக் கவனித்தேன்.

"நேராப் பாத்தா உன்ற மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல சரசு. கலங்குன தண்ணியாட்ட ஒரு வட்டம். உன்னைய மட்டுமில்ல, எதைப் பாத்தாலும் நடுவுல அந்த வட்டம் வந்து குந்திக்குது. பக்கத்துல எங்கியாச்சும் பாத்தா, ஓரத்துல நீ வந்துர்றே. தெளிவா இல்ல. மூக்குத்தி மினுங்கும். அதை வெச்சுப் புடிச்சுக்குவேன். இப்ப உன்ற கைக்கடியில மினுங்குச்சே, அதாட்ட."

நான் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கண்ணுக்குள்ள நடு எடம் தேய்ஞ்சு போச்சுன்னாங்க டாக்டரு. ஊசி போட்டாங்க. இதோட நின்னாப் போதும்னாங்க. போனது வராதாம்."

"நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்தனே, அன்னைக்கு?"

"நீ நேரா வந்து அந்த வட்டத்துக்குள்ள உக்காந்துக்கிட்டே. நான் என்ன பண்றது? அக்கட்ட திரும்புனாத்தான நீ தெரிவே?"

சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை

மெல்ல மெல்லத்தான் பேசினார். வேலையில் ஒருநாள் கையில் ஒரு மாத்திரையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஓரத்தில் சில்லு போயிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பெண் காட்டியிருக்கிறாள். மரியாதையாகத்தான் காட்டினாளாம். அந்த மரியாதைதான் தாங்கவில்லை என்றார். அடுத்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். முதுகுவலி, கார் சாவி, எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான். நான் டேகேர் போயிருந்த நேரத்தில் டாக்ஸி பிடித்துக் கண் டாக்டரிடம் போய் வந்திருக்கிறார்.

"என்கிட்டச் சொன்னா என்னங்க?"

"உனக்குச் சொல்லிட்டா அப்பறம் நீ என்னையப் பாக்கற பார்வை மாறிப்போயிரும். எனக்கு உன்ற பார்வை தெரியாது. ஆனா மாறுனது தெரியும்."

"கல்யாணம் வேண்டாம்னது?"

"பின்ன? அத்தனை பேர் முன்னால தாலிக்கயித்தைப் புடிச்சுக்கிட்டு, முடிச்சு எங்கடான்னு உன்ற கழுத்தைத் தடவிக்கிட்டு நிக்கச் சொல்றியா? மொதக் கல்யாணத்துலயே கை நடுங்குச்சுன்னு உங்கண்ணன் இன்னும் சொல்லிக் காட்டறான்."

அப்போதும் அவர் முகம் கதவுப் பக்கம்தான். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக என்னை விட்டுத் திரும்பிக்கொண்ட முகம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வருஷமும் அது என்னைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது.

"நீங்க கயித்தைப் போடுங்க. முடிச்சு இருக்கற எடத்துக்கு உங்க விரலை நான் கொண்டு போறேன்" என்றேன்.

"ஐயரு ஒத்துக்குவாரா?"

"அவருக்கென்னங்க. மைக் வேலை செஞ்சாப் போதும்."

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. நான் குனிந்து கரித்துண்டைத் தேடி எடுத்தேன்.

"மிச்சத்தையும் தேய்" என்றார். "நான் பாக்கறேன்."

தேய்த்தேன். அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு, "வலப்பக்கம் ஏதோ மினுங்குது, மெதுவா... போதும். அந்தப் பக்கம் போ" என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக வாத்துகள் மேலே வந்தன. ஒரு வாத்துக்குக் கழுத்துப் போய்விட்டது. அது எங்கள் இருவர் கணக்கிலும் சேராது, வெயில் மேகத்துக்குள் போன நேரம்.

அந்தச் சனிக்கிழமை மூடியை நோரிக்கோவிடம் கொண்டு போனேன். வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "அந்தச் சிறகை எப்படிச் சரியா நிறுத்தினே? எனக்கே கஷ்டம்" என்றாள். "மிஸ்டர் இன்ஸ்பெக்டர் சொன்னார்" என்றேன். அவள் எண்ணெய் தொட்டு மெருகேற்றி, ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

கோயிலில்

கல்யாணம் நடந்தது. பவித்ரா வந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரில் வைத்து அவளிடம் சொன்னோம். "வொய் டிட்ன்ட் யூ டெல் மீ?" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தவள், வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடிக்கவிட்டார்.

முகூர்த்த நேரத்தில் கயிற்றை என் கழுத்தில் போட்டார். அவர் விரலை நான் பின்னால் கொண்டு போனேன். அதன் பிறகு கை தடுமாறவில்லை. முடிச்சுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை.

போட்டோ எடுக்க வந்த பையன்தான் பாவம். "அங்கிள், ஆன்ட்டியைப் பாருங்க... அங்கிள், இந்தப் பக்கம்... தூணைப் பாக்கறீங்க அங்கிள்" என்று தொண்டை வறண்டு போனான். மும்தாஜ் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணனுக்கு வெக்கம் பாருங்க!" என்று சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. அவளுக்கு அப்போது தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. அச்சுல வந்ததும் நீயே படிச்சுக் காட்டு. கூடக் கொறைய எழுதியிருந்தா அங்கியே புடிச்சுருவேன்" என்றார்.

ஆல்பம் வந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் நான் அவரைப் பார்க்கிறேன், அவர் தூணையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு படத்தில் மட்டும், அந்தப் பையன் கத்திய கத்தலில், நேராக என் முகத்தைப் பார்த்து நிற்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தில்தான் நிற்கிறார்கள். எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் பாருங்கள், இதைப் பெரிதாக்கி மாட்டுங்கள் என்கிறார்கள்.

நான் மாட்டவில்லை. அந்த ஒரு படத்தில்தான் அவருக்கு நான் தெரியவில்லை.